மின்னஞ்சல் நின்றால் ரவுட்டரையா மாற்றுவது?

மின்னஞ்சல் வரவில்லை என்றதும் எமது வர்த்தகர்கள் முதலில் செய்வது தொலைபேசி நிறுவனத்துக்கு ஏசுவதுதான். இரண்டாவது, புதிய ரவுட்டர் வாங்குவது. கோளாறு எங்கே என்று தேடுவது கடைசியாகத்தான் நடக்கிறது.

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த புடைவைக் கடை முதலாளி ஒருவருக்கு நோன்புக்கு முந்திய வாரங்களில் இதுதான் நேர்ந்தது. அஞ்சல் பெட்டி திறந்தது, கடிதம்தான் வரவில்லை. "லைன் சரியில்லை" என்று ரவுட்டரை மாற்றினார். உண்மையில் கடையின் டொமைன் பெயர் காலாவதியாகியிருந்தது. அதைப் பதிந்து கொடுத்த தம்பி தன்னுடைய பெயரிலும் தன்னுடைய முகவரியிலுமே பதிந்திருந்தார். அவர் கட்டாருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்களும் அவரோடு போய்விட்டன. புறக்கோட்டையிலிருந்து அனுப்பப்பட்ட விலைப்பட்டியல் இரண்டு தடவை திரும்பிப் போனதும், சரக்கு வேறு கடைக்குக் கைமாறியது. பெருநாள் வியாபாரத்தில் பாதி அத்தோடு போயிற்று.

1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பு வெளியுலகத் தொடர்பை இழந்தபோது, கம்பங்கள் விழுந்து கிடந்ததை எமது மூத்தவர்கள் கண்ணால் கண்டார்கள். இன்றைய அறுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எமது கடிதங்கள் கடையிலுள்ள கணினியில் இல்லை. கடல் கடந்த ஏதோவொரு நாட்டின் சேர்வரில் இருக்கின்றன. இடையில் எந்தக் கண்ணியும் அறலாம். ஆகவே ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கையடக்கத் தொலைபேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் அதே அஞ்சல் பெட்டியை பிரவுசர் வழியாகத் திறந்து பாருங்கள். அது திறந்து, கடை இணைப்பில் திறக்காவிட்டால் குற்றம் கடையின் லைனில் அல்லது ரவுட்டரில். கடைக் கணினியில் பிரவுசரில் திறந்து, அவுட்லுக்கில் மட்டும் திறக்காவிட்டால் குற்றம் அவுட்லுக்கில். எங்கும் திறக்காவிட்டால் சேவை நிறுவனத்தின் நிலைமைப் பக்கத்தைப் பாருங்கள். பெட்டி திறந்தும் கடிதம் வராவிட்டால், உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து கடை முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். அது திரும்பி வந்தால், அதிலேயே காரணம் எழுதப்பட்டிருக்கும். பெட்டி நிரம்பியதா, டொமைன் செத்ததா என்பது அங்கே தெரியும்.

இன்னொரு சிறு விடயம். கரண்ட் போய் வந்தபின் பழைய கணினிகளில் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். உள்ளேயுள்ள சிறு பற்றரி தீர்ந்திருப்பதே காரணம். திகதி பிழைத்தால் சேர்வருடனான பாதுகாப்பான இணைப்பைக் கணினியே ஏற்காது. பற்றரியை மாற்றினால் தீரும் நோய்க்குப் பலர் புதிய கணினியே வாங்கியிருக்கிறார்கள்.

கோளாறு எப்போதும் எம் பக்கம்தான் என்றும் நான் சொல்லவில்லை. 2023 ஜனவரி 25ஆம் திகதி மைக்ரோசொப்டின் வலையமைப்பில் ரவுட்டர் ஒன்றின் ஐபி முகவரியை மாற்றப்போய், உலகெங்கும் பல மணி நேரம் அவுட்லுக் தடைப்பட்டது. அந்த நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும், வேறொன்றும் ஆகாது. 2022 ஒக்டோபர் முதல் அதே நிறுவனம், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வரும் பழைய முறையைப் படிப்படியாக நிறுத்தியது. அவுட்லுக் 2010 போன்ற பழைய மென்பொருள்கள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேயிருந்தன. இது லைன் கோளாறும் அல்ல, பாஸ்வேர்ட் கோளாறும் அல்ல. பழையதைக் கட்டிக்கொண்டிருந்ததன் விளைவு.

பழையதைக் கட்டிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது அரசாங்கமே சாட்சி. 2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட்டின் மீது நடந்த தாக்குதலில், சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பு. பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. வெளியே எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்தக் கதியென்றால், ஏறாவூரின் அரிசி ஆலைக்கும் ஓட்டமாவடியின் மொத்த வியாபாரிக்கும் யார் பொறுப்பு?

கிளவுட்டில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற எண்ணம்தான் ஆபத்தானது. கடைச் சாவியை நாம் எவரிடமும் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. டொமைன் பெயரை மட்டும் ஏன் கொடுக்கிறோம்? அது முதலாளியின் பெயரிலேயே இருக்க வேண்டும். புதுப்பிக்கும் திகதி கடைக் கலண்டரில் குறிக்கப்பட வேண்டும். நிர்வாகக் கணக்கைத் திறக்க இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதமொருமுறை கடிதங்களின் பிரதியை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வைக்க வேண்டும்.

எமது வர்த்தக சங்கங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். ஊரில் கணினி படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதில் வெட்கமும் இல்லை. அந்தப் புடைவைக் கடை முதலாளி இப்போது டொமைனைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். வாங்கிய புதிய ரவுட்டர் பெட்டியோடு றாக்கையில் இருக்கிறது.