எல்லைக் கல்லும் புகையானும்

காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி நீங்கிற்று. எல்லைக் கற்களோ நீங்கவில்லை. நாகப்பட்டினம் ஜில்லா வயல்களுக்கும் திருநள்ளாற்று வயல்களுக்கும் காவிரி நீர் ஒன்றே, பூச்சியும் ஒன்றே, சட்டம் மாத்திரம் வேறு.

2023-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார், தற்கொலைகளைத் தடுக்கக் கருதி, மானோகுரோட்டோபாஸ், அசிபேட் முதலிய ஆறு பூச்சி மருந்துகளை அறுபது நாட்களுக்கு விலக்கினர். ஏன் அறுபது நாள்? 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாகாண ஆட்சியாருக்குக் கொடுத்த அதிகாரம் ஏறக்குறைய அவ்வளவே. காரைக்கால் புதுவை ஆட்சிக்கு உட்பட்டதாதலின், அவ்வுத்தரவும் எல்லைக் கல்லோடு நின்றது. சட்டம் வந்து வயலைக் காக்குமென்று நம் உழவர் காத்திருப்பது வீண்.

மருந்தின்றிப் பயிர் பிழைக்குமோ என்று கேட்பாருளர். நெற்பயிரின் தூரிலிருந்து சாற்றை உறிஞ்சும் புகையான், தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அம்முட்டைகளை எட்டுவதில்லை. அவற்றைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும், குஞ்சுகளைப் பிடிக்கும் சிலந்தியையுமோ அது கொன்றுவிடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து வரும் கூட்டத்துக்குக் காவலற்ற வயல் கிடைக்கிறது. திருடனை விட்டுத் தலையாரியைத் தூக்கிலிடும் இந்த நியாயத்துக்குத்தான் நம் குடியானவன் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறான்!

இந்தோனேசியர் இதைப் பட்டறிந்தனர். மான்ய விலையில் மருந்தை வாரி வழங்கியும் அங்கே புகையான் பெருகிற்று. 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ நெற்பயிருக்கு 57 மருந்துகளை விலக்கினார். 1989-இல் மான்யமும் ஒழிந்தது. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. சுகார்த்தோவின் ஆட்சிமுறையை நாம் போற்றுவோமல்லோம். இச்செய்கையைப் போற்றத் தடையில்லை. அதனினும் மேலானது, உழவரை வயல்வெளிப் பள்ளிகளில் கூட்டி, தம் வரப்பிலேயே நன்மைப் பூச்சியையும் தீமைப் பூச்சியையும் பிரித்தெண்ணக் கற்பித்ததாகும்.

நமக்குச் செருமாவிலங்கையில் வேளாண்மைக் கல்லூரியே இருக்கிறது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுதல், யூரியாவைக் குறைத்துப் பிரித்திடல், புகையான் கண்டவுடன் நீரை வடித்தல் ஆகியவற்றுக்கு எந்தச் சர்க்கார் உத்தரவும் வேண்டுவதில்லை. ஆனால் ஒருவன் மட்டும் செய்து, அண்டை வயலான் மருந்தடித்தால் பயன் குன்றும். எனவே கொம்யூன்தோறும், வாய்க்கால் வாய்க்காலாக, எல்லைக்கு அப்பாலுள்ள உழவரையும் அழைத்துக் கூட்டங்கள் நடத்தும் பொறுப்பை நம் தொண்டர்கள் ஏற்க வேண்டும். சம்பாவுக்கு நாற்று விடுமுன்னரே அவை கூடுதல் நலம். கல்லூரி ஆசிரியரும் மாணவரும் மேடையில் பேசாமல் சேற்றில் இறங்கிக் காட்டுவாராக.