சாவி தருபவர் வீட்டுக்காரர் இல்லை

லயத்துக் காம்பராவில கூரை ஒழுகினா யாரிடம் சொல்வோம்? துரையிடம். ஆனா துரை அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பிறகு நீண்டகாலக் குத்தகை. காணி அரசாங்கத்தோடது, நிர்வாகம் கம்பனியோடது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மில் பெரும்பாலானோர் கையில் உறுதி இல்லை. 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்தவர்களிலும் உறுதிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

காகிதம் கேட்காமல் குடியிருக்கும் இந்தப் பழக்கம் நம்மோடு பஸ் ஏறி கொழும்புக்கும் வருது. வெள்ளவத்தையில் ரூம் எடுக்கும்போது சாவி தருபவரையே முதலாளின்னு நம்புறோம். அட்வான்ஸைக் கொடுத்துட்டு, பற்றுச்சீட்டு கேட்கக் கூச்சப்படுறோம்.

கூச்சம் வேண்டாம். உண்மையான உரிமையாளர் யார், வாடகை வாங்க இவருக்கு அவர் எழுத்தில் அனுமதி கொடுத்திருக்காரா என்று முதலில் கேளுங்க. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வாங்குங்க. அட்வான்ஸ் எப்போ திரும்பும், பைப் உடைஞ்சா யார் செலவு, எத்தனை நாள் முன்னால் சொல்லி வெளியேறணும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருந்து விளங்கலைன்னா, விளங்கின ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீங்க.

ஊரில் அப்பா அம்மா உறுதி கேட்டுக் காத்திருக்காங்க. நாம ஒரு பற்றுச்சீட்டாவது கேட்டுப் பழகுவோம்.