வெளிச்சம் பட்டால் கிருமி சாகுமா? எவ்வளவு வெளிச்சம் என்று கேளுங்கள்

மருத்துவமனைக் கதவின் கைப்பிடியைக் காலையில் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள். அடுத்த கை பட்டதும் பழைய கதைதான். ஒரு முறை துடைத்து, மறுமுறை துடைக்கும் வரைக்கும் அந்தக் கைப்பிடியே கிருமியைக் கொன்றால் எப்படி இருக்கும்? அதுவும் அறையில் எரியும் சாதாரண விளக்கை வைத்தே! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் முயன்று வருகிறார்கள்.

சரக்கு பழசுதான். ஒன்று கிரிஸ்டல் வயலட், ஆய்வகங்களில் பாக்டீரியாவுக்கு நிறமேற்றப் பயன்படும் ஊதாச் சாயம். புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தான ஜென்ஷன் வயலட்டின் முக்கியச் சேர்மமும் இதுவே. இன்னொன்று மெத்திலீன் புளூ. சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்று ஜெர்மனியின் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் 1900-லேயே எழுதிவிட்டார்.

எப்படிச் சாகுது? வெளிச்சத்தை வாங்கிய சாயம், அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். வெறிபிடித்த அந்த ஆக்சிஜன், பாக்டீரியாவின் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று அகப்பட்டதையெல்லாம் சிதைக்கும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஏதோ ஒரு பூட்டைத்தான் குறிவைக்கும். பூட்டை மாற்றிக்கொண்டால் பாக்டீரியா தப்பிவிடும். இங்கே வீடே பற்றி எரியுது, பூட்டை மாற்றி என்ன பயன்? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' ஆய்வு மதிப்பிட்டது. அதனால்தான் இந்தச் சாயங்கள் மேல் இவ்வளவு ஆர்வம்.

தங்கத்துக்கு இதில் என்ன வேலை? சிலிக்கோனைக் கரைப்பானில் ஊறவைத்தால் உப்பும். சாயமும் தங்கத் துகளும் உள்ளே போகும். காய்ந்ததும் சுருங்கி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 2 நானோமீட்டர் தங்கத் துகளைச் சேர்த்தபோது சாயத்தின் வேகம் கூடியது. இரண்டு சாயங்களும் தங்கமும் கலந்த பரப்பு இருட்டிலும் மெதுவாகக் கிருமியைக் கொன்றதாக இந்தக் குழு 2014-ல் அறிவித்தது. 2020-ல் இன்னும் சிறிதாக, 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்துகளைக் கிரிஸ்டல் வயலட்டுடன் சேர்த்தார்கள். சுமார் 300 லக்ஸ் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. ஆபீஸ் மேசை மேல் விழும் வெளிச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நல்ல விஷயம்தான். ஆனா கடிகாரத்தையும் பார்க்கணும். கொல்ல மணிக்கணக்காகும். வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால் ஈ.கோலைக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் அந்தக் கைப்பிடியை எத்தனை கைகள் தொட்டிருக்கும்? மேலே அழுக்கு படிந்தால் வெளிச்சமும் குறையும். வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும் சிக்கலும் உண்டு. ஜென்ஷன் வயலட்டால் புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கனடா சுகாதாரத் துறை 2019-ல் எச்சரித்ததால், சாயம் கசிகிறதா என்பதையும் சோதித்தே ஆகவேண்டும்.

'99.9% கிருமிகளைக் கொல்லும்' என்ற லேபிளும் அப்படித்தான். பத்து லட்சத்தில் 99.9% போனாலும் ஆயிரம் மிஞ்சும். ஈரமும் சூடும் தீனியும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். மூன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி பத்து லட்சம். பிளாஸ்டிக் பரப்புகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஐஎஸ்ஓ 22196 சோதனையில் பாக்டீரியாவை 35 டிகிரி சூட்டில், ஈரத்தில், படலத்தால் மூடி 24 மணி நேரம் வைக்கிறார்கள். எந்தக் கதவுக் கைப்பிடிக்கு அந்தச் சூழல் வாய்க்கும்?

எனவே இப்படிப்பட்ட பரப்புகள் சந்தைக்கு வந்தால், வாங்கும் நிர்வாகங்கள் சதவீதத்தைப் பார்த்து மயங்காமல், எத்தனை லக்ஸில், எத்தனை மணி நேரத்தில், உலர்ந்த பரப்பிலா ஈரமான பரப்பிலா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரவு விளக்கை அணைத்த பிறகு அந்த வார்டில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை முதலில் அளந்துவிட்டு விலை பேசலாம். துடைக்கும் ஊழியர்களின் எண்ணிக்கையை இதைக் காட்டிக் குறைக்கக் கூடாது.