காலையில் உதறும் கார்



சென்ற இதழில் டயருக்குக் காற்றுப் பிடிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். அவர் அனுமதியோடுதான்.

கணவர் வெளிநாட்டில் வேலை. வீட்டில் மாமியார், இரண்டு வயதுப் பெண் குழந்தை, மாமனார் விட்டுப்போன பழைய மாருதி 800. மாமியாருக்கு சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்காக விடியற்காலையில் மலை இறங்க வேண்டும். "அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆகுது. ஆனா அஞ்சு நிமிஷம் உதறு உதறுன்னு உதறிட்டு நின்னு போகுது. சூடான பிறகு ஒண்ணும் இல்லை. ஒர்க் ஷாப்பில் என்ஜினை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்கிறாங்க. செயினை அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

செயினைக் கழுத்திலேயே இருக்கவிடச் சொல்லிப் பதில் போட்டேன். முதலில் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. நான் பத்தாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனால் அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். விளக்குப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றே வளர்ந்தவள். "கழற்றுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேள்" என்பார் அவர்.

ஏன் உதறுகிறது?

பழைய கார்களில் கார்பரேட்டர் என்று ஒன்று உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை. மாருதி 800, 1983 டிசம்பரில் வந்தபோது கார்பரேட்டர் வண்டிதான். பிற்பாடுதான் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற மாடல் வந்தது. 2014-ல் அந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். நம் சகோதரியுடையது கார்பரேட்டர் வண்டி.

பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். குளிரில் அது சரியாக ஆவியாகாது. உள்ளே போகிற வழியில் ஜில்லென்ற உலோகத்தில் படிந்து நின்றுவிடும். ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டுவதைப் போலத்தான். அதனால் குளிரில் மட்டும் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் 'சோக்' இருக்கிறது. அதை இழுத்தால் காற்று வருகிற வாயை ஒரு தகடு மூடிக்கொள்ளும். காற்று குறைந்து பெட்ரோல் கூடும். சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: உதறல் குளிரில் மட்டுமா, சூடான பிறகும் உண்டா? குளிரில் மட்டும் என்றால் சோக், காற்று, பொறி இந்த மூன்றில்தான் முதலில் தேட வேண்டும். சூடான பிறகும் மிஸ்ஸிங் அடித்தால் கோளாறு வேறிடத்திலும் இருக்கலாம்.

பார்க்கிற வரிசை

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டா வேண்டாம். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கரண்டில் ஓடுகிற ரேடியேட்டர் விசிறி, என்ஜின் நின்ற பிறகும் திடீரென்று தானே சுற்றத் தொடங்கும். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

1. சோக். என்ஜின் ஓடாமல் ஆறியிருக்கும்போது ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, வேறொருவரை சோக்கை முழுக்க இழுக்கச் சொல்லிப் பாருங்கள். தகடு முழுசாக மூட வேண்டும். உள்ளே தள்ளினால் முழுசாகத் திறக்க வேண்டும். ஒயர் தொய்ந்திருந்தால் பாதிதான் மூடும். அப்போது வண்டி காலையில் பெட்ரோல் போதாமல் உதறும். திறக்காமல் மாட்டிக்கொண்டாலோ கரும்புகை அடிக்கும், பெட்ரோலும் செலவு. ஏர் கிளீனரில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம்.

2. ரப்பர் ஹோஸ்கள். கார்பரேட்டருக்குக் கீழே, உறிஞ்சுகிற பக்கத்தில் சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள் உண்டு. பிரேக்குக்கு வேக்குவம் உதவி உள்ள வண்டியில் அதற்கும் ஒரு தடித்த குழாய் போகும். நாள்பட்ட ரப்பர் குளிரில் விறைத்து, விரிசல் வழியே காற்றை இழுக்கும். சூட்டில் இளகி ஓரளவு மூடிக்கொள்ளும். மெதுவாக வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். என்ஜின் ஓடும்போது 'ஸ்ஸ்' என்று சத்தமும் கேட்கும். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை பெல்ட், விசிறிப் பக்கம் போகாமல் இணைப்புகளின் அருகே நகர்த்தினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். தீப்பிடிக்கும். ஒருபோதும் வேண்டாம்.

3. ஸ்பார்க் பிளக். இந்த வண்டிக்கு மூன்று. ஆறிய என்ஜினில், எந்த ஒயர் எங்கே என்று அடையாளம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணிமேல் வையுங்கள். நுனி இளம் பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பு என்றால் என்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளிறிக் கிடந்தால் காற்று அதிகம். மூன்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் நோய் அந்த சிலிண்டரில்தான். மலையில் காற்று லேசாக இருப்பதால், கீழே சரிபார்த்த கார்பரேட்டர் மேலே சற்றுக் கரி கட்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

4. ஈரம். பனிக் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். என்ஜினை நிறுத்தி, உலர்ந்த துணியால் உள்ளே துடைக்க வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து வண்டியை ஓடவிட்டால், கெட்டுப்போன பிளக் ஒயரில் நீலப் பொறி பறப்பது தெரியும். எட்ட நின்று பார்ப்பதோடு சரி. கை வைக்கக் கூடாது.

5. பெட்ரோல். 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதம் வரை வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் டயாப்ரத்தையும் கெடுக்கும். டாங்கியில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து ஜெட்டை அடைக்கும். பம்பு ஸ்டவ்வில் ஓட்டை அடைத்தால் பின் போடுவோமே, அந்தக் கதைதான். பழைய வண்டிக்கு எத்தனால் தாங்குகிற ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் டாங்கியில் தேங்கிய பெட்ரோல் காலையில் மக்கர் பண்ணும்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இத்தனையும் பார்த்து சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும். அவர் என்ஜினை இறக்கணும் என்றால், "அண்ணே, வால்வ் கேப் பார்த்தீங்களா? கம்ப்ரஷன் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். பிளக் இருக்கும் இடத்தில் ஒரு மீட்டரை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பார்கள். மூன்றும் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவை ஒட்டி, கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் என்ஜினைப் பிரிக்கக் காரணம் குறைவு. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். கேட்கத் தெரிந்தவளிடம் யாரும் அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

நம் சகோதரி இதையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு இரண்டாவது கடிதம் எழுதினார். மூன்று பிளக்கும் ஒரே பழுப்பு நிறம். அதைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. சூடான பிறகு மூன்று சிலிண்டரும் ஒழுங்காக எரிகின்றன என்றுதானே அர்த்தம்! சோக் ஒயர் தொய்ந்து, தகடு பாதிதான் மூடியிருக்கிறது. பின்பக்க ஹோஸ் ஒன்றில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வேறொரு மெக்கானிக் கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றும் சரியாக இருந்திருக்கின்றன. ஒயரும் ஹோஸும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. "மாமி முன்சீட்டில் உட்கார்ந்துக்கிட்டு, 'என்னடி, வண்டி சத்தமே போடலை'ங்கிறாங்க அக்கா" என்று எழுதியிருந்தார். மறுபடி மறுபடி படித்தேன்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம்

காலையில் நின்று நின்று போகிற வண்டியோடு மலை இறங்காதீர்கள். வளைவில் என்ஜின் நின்றுவிட்டால், வேக்குவம் உதவியுள்ள பிரேக் ஒன்றிரண்டு மிதியிலேயே கல்லாகிவிடும். ஐடிலிங் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். குளிருகிறதே என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைச் சூடு பண்ணவே கூடாது. சோக் இழுத்திருக்கும்போது புகையில் கார்பன் மோனாக்ஸைடு அதிகம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, மயக்கத்தில் உயிரையே கொண்டுபோய்விடும். வயதானவர்களையும், கர்ப்பிணிகளையும், கைக்குழந்தைகளையும் சீக்கிரம் தாக்கும். கதவு திறந்திருந்தாலும் ஷெட்டுக்குள் ஓடவிட வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் வெட்டவெளிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குழந்தையை அதன் பிறகு ஏற்றலாம். யாருக்காவது தலை சுற்றினால் உடனே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த இதழில் பேட்டரி. முனைகளில் பூக்கிற அந்த வெள்ளைப் பொடியை என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதுவரை உங்கள் வண்டி காலையில் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டு வைத்து எனக்கு எழுதுங்கள்.