வேஷம் கட்டுவது ஒரு தொழிலா என்று கேட்ட என் மைத்துனருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்து எழுத வராதீர்கள். வகுப்பிலும் அப்படித்தான், பாடம் முடியும் முன்பே கை தூக்குவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சின்ன வீடியோ போட்டேன். ஜிங்க்ஸ் மான்சூன் என்ற அமெரிக்க மேடைக் கலைஞர் பாடுவது. பேத்தி அனுப்பியது, பிடித்திருந்தது, பகிர்ந்தேன். பத்து நிமிடத்தில் என் மைத்துனர் எழுதினார்: "மாமா, ரிட்டையர் ஆனதுக்கப்புறம் ரொம்பத்தான் போன் பாக்குறீங்க. பொம்பள வேஷம் போட்டு டிவியில குதிக்கிறதெல்லாம் ஒரு தொழிலா?" அதற்குக் கீழே ஏழு சிரிப்புப் பொம்மைகள். இரண்டு என்னிடமே தமிழ் படித்த பிள்ளைகள் போட்டவை. யாரென்று பார்த்து வைத்திருக்கிறேன்.

குழுவில் பதில் சொன்னால் அடுத்த 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூவுக்குக் கீழே புதைந்துபோகும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆம் தம்பி, தொழில்தான். உன் வேலையையும் என் வேலையையும்விடக் கஷ்டமான தொழில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'டிராக்' என்பது மேடைக் கலை. வேடம், பாட்டு, கேலிப் பேச்சு, நடிப்பு எல்லாம் கலந்தது. திருநங்கையாக இருப்பது வேடம் அல்ல. அது ஒருவர் தான் யார் என்று அறிவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஜிங்க்ஸ் மேடையில் டிராக் கலைஞர், வாழ்க்கையில் தன்னைத் திருநங்கை என்று வெளிப்படையாகச் சொல்பவர். ஆங்கிலத்தில் அவனா அவளா என்று திணறுகிறார்கள். நமக்கு 'அவர்' இருக்கிறது. தொல்லை விட்டது.

இவர் 1987-ல் ஆரகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே அந்த ஊரில் வேடமிட்டு மேடை ஏறத் தொடங்கியவர். பிறகு சியாட்டிலில் கார்னிஷ் கலைக் கல்லூரியில் நாடகம் படித்துப் பட்டம் வாங்கினார். கவனி, பட்டம். குரல் பயிற்சி, உடல் பயிற்சி, பாட்டு, வசனம் என்று முறைப்படி கற்றவர். (மான்சூன் என்றதும் நம் பருவமழை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வரும் பாத்திரத்தின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது.)

'ரூபால்ஸ் டிராக் ரேஸ்' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சி 2009-ல் தொடங்கியது. 2013-ல் அதன் ஐந்தாவது பருவத்தில் ஜிங்க்ஸ் போட்டியிட்டார். மற்றவர்கள் பளபளவென்று வந்து நின்றார்கள். இவருடைய உடைகளோ பாட்டி பெட்டியிலிருந்து எடுத்தவைபோல இருந்தன. சக போட்டியாளர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்தினார்கள். போதாக்குறைக்கு இவருக்கு நார்கொலெப்சி என்ற நோய் வேறு. பகலிலேயே கட்டுப்படுத்த முடியாமல் தூக்கம் சொக்கும். அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் தூங்கியவர்கள்மேல் சாக்பீஸ் எறிந்த கை இது. அவர்களில் யாருக்கு என்ன நோய் இருந்ததோ, யாருக்கு வீட்டில் இரவெல்லாம் வேலை இருந்ததோ, நான் கேட்டதே இல்லை.

அந்தப் பருவத்தில் பிரபலங்களைப் போல நடித்துக் காட்டும் ஒரு சுற்று. எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டால் கைதட்டல் எளிதில் கிடைக்கும். ஜிங்க்ஸ் எடுத்தது எடித் பீல் என்ற பெண்மணியை. ஜாக்குலின் கென்னடியின் ஒன்றுவிட்ட சகோதரி. பெரிய குடும்பத்தில் பிறந்து, இடிந்துகொண்டிருந்த மாளிகையில் தாயோடு தனித்து வாழ்ந்தவர். 1975-ல் வந்த 'கிரே கார்டன்ஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கே அவரைத் தெரியும். அந்தக் குரலையும், தலையில் துணி சுற்றிக்கொள்ளும் விதத்தையும், பேச்சு பாதியில் திசை மாறுவதையும் ஜிங்க்ஸ் அப்படியே கொண்டுவந்தார். அந்தச் சுற்றில் ஜெயித்தார், கடைசியில் பட்டத்தையும் ஜெயித்தார். பரிசு 1,00,000 டாலர். வயது 25.

இங்கேதான் மைத்துனர் "பாத்தீங்களா, டிவிதான் தூக்கிவிட்டுச்சு" என்பார். இல்லை. அந்த நிகழ்ச்சியை நான் புகழ வரவில்லை. வாரம் ஒருவரை வெளியேற்றுவதும், சண்டையை மூட்டிவிட்டுப் படம் பிடிப்பதும் எனக்கு ஆகாத விஷயங்கள். நம் சேனல்களில் எட்டு வயதுப் பிள்ளையை அழவைத்து முகத்தருகே கேமராவை நீட்டுகிறார்களே, அதே வியாபாரம்தான். அந்த மேடையில் கிரீடம் வாங்கியவர்கள் பலர். கிரீடம் ஒரு வருடம் மின்னும், அடுத்த பருவத்தில் வேறொருவர் தலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்க வேண்டும்.

பியானோ வாசிக்கும் நண்பர் மேஜர் ஸ்கேல்ஸோடு 'தி வாடவில்லியன்ஸ்' என்ற இசை நாடகத்தை நியூயார்க்கில் நடத்தினார். கதையைக் கேளுங்கள்: 1920-களின் மேடை ஜோடி ஒன்று பனிச்சரிவில் உறைந்துபோகிறது. பல பத்தாண்டுகள் கழித்து உருகி எழுந்து பார்த்தால், தங்கள் பாட்டுகளையெல்லாம் இன்றைய பாடகர்கள் திருடிவிட்டார்களாம்! அந்தப் பாட்டுகளைப் பழைய மெட்டில் 'திரும்பப்' பாடுகிறார்கள். இந்தக் குறும்புக்கு இரண்டு காலத்து இசையும் கைவசம் இருக்க வேண்டும். பிறகு பென்டெலாக்ரீம் என்ற சக கலைஞரோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் ஊராகப் போகும் நிகழ்ச்சி. எழுதுவதும் நடிப்பதும் அவர்களே, தயாரிப்பும் அவர்களுடையதே. நம் பழைய நாடகக் கம்பெனிக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

2022-ல், ஏற்கெனவே பட்டம் வென்ற எட்டுப் பேரை மட்டும் வைத்து 'ஆல் ஸ்டார்ஸ்' ஏழாவது பருவம் நடந்தது. யாரையும் வெளியேற்றவில்லை, அதனால்தானோ என்னவோ எனக்கு அது ஒன்றே பார்க்க முடிந்தது. ஜிங்க்ஸ் அதில் ஜூடி கார்லண்டாக வந்தார். சிரித்துச் சிரித்துப் பேத்தி சோபாவிலிருந்து சரிந்தாள், நானும்தான். அதையும் வென்றார், 2,00,000 டாலர். முதல் வெற்றிக்கும் இதற்கும் நடுவே ஒன்பது வருட உழைப்பு.

2023 ஜனவரியில் பிராட்வேயில் 'சிகாகோ' இசை நாடகத்தில் பெண்கள் சிறையின் தலைமைக் காவலராக நடித்தார். 2024-ல் 'டாக்டர் ஹூ' தொடரில் உலகத்தின் இசையையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கும் வில்லன். பீட்டில்ஸுக்கே பாட்டு வராமல் போய்விடும்! 2025 பிப்ரவரியில் கார்னகி ஹாலில் தனி நிகழ்ச்சி. அதே ஆண்டு பிராட்வேயில் 'பைரேட்ஸ்', அடுத்து 'ஓ, மேரி!' நாடகத்தில் ஆபிரகாம் லிங்கனின் மனைவி வேடம். இதைத்தான் குதிப்பது என்கிறார் என் மைத்துனர்.

அவர் பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் இந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. ஜிங்க்ஸ் பிராட்வேயில் அந்தக் காவலர் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், 2023 மார்ச் 2 அன்று, டென்னசி மாநில ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறுவர்களுக்குத் தீங்கானவை என்று கருதப்படும் நிகழ்ச்சிகளைப் பொது இடத்தில் நடத்தக் கூடாது என்ற சட்டம். அந்தப் பட்டியலில் ஆண் வேடம், பெண் வேடம் போடுபவர்களையும் சேர்த்தார்கள். இரண்டாம் முறை பிடிபட்டால் அது சிறைக்குரிய பெருங்குற்றம். ஜூன் மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதியே இல்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஒரு ஊரில் அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது, இன்னொரு ஊரில் அதே வேடத்துக்குப் போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டியிருக்கிறது.

"அது அவங்க ஊர் சமாச்சாரம், நம்ம கலாச்சாரத்துல இதெல்லாம் கிடையாது" என்று அடுத்த பதில் வரும். தம்பி, நீயும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து விடிய விடியத் துகிலுரிதல் கூத்து பார்த்தோமே, மறந்துவிட்டதா? பாஞ்சாலியாக நின்றது யார்? மீசையை மழித்த ஆண்பிள்ளைதானே? அவர் அழுதபோது உன் அம்மா கைகூப்பி அழுதார்கள். "அது சாமி காரியம் மாமா" என்பாய். சரி, டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்தது கோயில் காரியமா? டிக்கெட் போட்ட நாடகம். அந்த வேடத்தால்தான் அவருக்கு ஔவை சண்முகம் என்றே பெயர் நிலைத்தது.

இதையெல்லாம் யோக்கியன்போல எழுதுகிறேன். இனி எழுதப்போவது எனக்கே கசப்பானது.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போட்ட ஆண்டு விழா நாடகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கண்ணகியாக நடித்தான். சிலம்பைத் தூக்கிக்கொண்டு அவன் வந்து நின்றபோது பந்தலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்படி ஓர் அமைதியை அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளி விழாவிலும் கேட்டதில்லை. மறுநாள் முதல் கேலி தொடங்கியது. பையன் நடக்கும் விதம், கை அசைக்கும் விதம் பற்றிப் பேச்சு. பெற்றோரும் வந்து வருத்தப்பட்டார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கேலி செய்தவர்களை நிறுத்தியிருக்க வேண்டும். நானோ அவனை நிறுத்தினேன். மாவட்டப் போட்டிக்குப் போனபோது கண்ணகியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, இவன் கையில் வாயிற்காவலன் ஈட்டியைக் கொடுத்தேன். அதோடு விடவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும், "இனிமேலாவது ஆம்பளப் புள்ளையா நட" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் போட்டிக்கு வரவில்லை. அதன்பின் மேடைப் பக்கமே வரவில்லை.

போன வாரம் அந்த ஏழு சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்தபோது, அந்த வகுப்புச் சிரிப்பு காதில் கேட்டது. அன்று அதைத் தொடங்கிவைத்தவன் நான்.

அவன் பெயரை எழுதமாட்டேன். இங்கே என்னைத் தொடர்பவர்களில் அவனும் ஒருவன், என் பிறந்தநாளுக்கு வாழ்த்துகூடச் சொல்கிறான். தம்பி, இதைப் படித்தால், அன்று நான் சொன்னது தவறு. உன் கண்ணகியைப் போல இன்னொன்றை நான் பார்க்கவில்லை. பேச விருப்பம் இருந்தால் கூப்பிடு, பழைய எண்தான். விருப்பம் இல்லையென்றாலும் நியாயமே.

மைத்துனரே, உமக்கு அந்த வீடியோவை மறுபடியும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஐந்து நிமிடம்தான். இந்த முறை சத்தம் வைத்துப் பாரும்.