மலைக்கும் தீட்டு உண்டா?

பொதிகை மலையிலுள்ள அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரமுள்ளது. திருவனந்தபுரம் பக்கத்துப் போணக்காட்டிலிருந்து காடும் புல்வெளியும் பாறையும் கடந்து, நடுவில் அதிருமலை முகாமில் தங்கி, வருஷந்தோறும் அநேகர் ஏறி வருகிறார்கள். உச்சியில் நின்று மேகங்களைக் காலடியில் பார்ப்பது ஏறின களைப்பை மறக்கச் செய்யும்.

ஆனால் 2018 வரையில் இந்தக் காட்சி ஆண்களுக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. காரணம், அகத்தியர் பிரம்மசாரியாம்! புராணக்காரர்களோ அவருக்கே உலோபாமுத்திரை என்று ஒரு மனைவியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டியுள்ள பிரம்மசாரிக்காகப் பெண்ணுலகம் முழுவதும் அடிவாரத்தில் நிற்க வேண்டுமென்றால், இதைவிட வேடிக்கை வேறென்ன? காடு பெண்களுக்கு அபாயமென்றும் ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. யானை ஆண் பெண் பார்த்தா விரட்டுகிறது?

2018 நவம்பரில் கேரள ஐகோர்ட்டு இந்தத் தடை செல்லாதென்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அம்மையார் உச்சிக்கு ஏறி இறங்கினார். மலை இடியவில்லை; மழையும் நிற்கவில்லை.

அங்குள்ள காணி மக்களில் சிலர் இதை ஆட்சேபித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையின் குணத்தை உலகத்துக்குத் தெரிவித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய காட்டுரிமைக்கு நாமும் துணை நிற்போம். ஆனால் காணிப் பெண்ணும் அக்காட்டுக்கு உரியவள்தானே?

நிற்க, இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஜப்பானில் 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலையிலும் பெண்கள் உச்சிக்குப் போகக்கூடாதென்றிருந்தது. 1832ல் தத்சு என்ற பெண் ஆண்வேஷம் போட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. 1872ல் அந்நாட்டுச் சர்க்கார் தடையை எடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த எரிமலை கடைசியாக நெருப்பைக் கக்கியது 1707ல், அதாவது பெண்கள் உச்சியை மிதிக்கக் கூடாதென்றிருந்த காலத்தில். தடை நீங்கிய பின் ஒரு தடவையும் கக்கவில்லை. வைதீகர் கணக்குப்படி பார்த்தால், பெண்கள் கால் பட்டுத்தான் மலை சாந்தமடைந்ததென்று சொல்லிவிடலாம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். எரிமலைக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. பேதம் பார்ப்பது மனிதன் மாத்திரமே.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணித் தண்ணீரைத் திருநெல்வேலிச் சீமையில் குடம் குடமாய் இடுப்பில் சுமந்தவர்கள் யார்? பெண்கள்தானே! அவர்கள் கைபட்ட தண்ணீரைக் குடித்தபோது வராத தீட்டு, அவர்கள் கால் பட்டால் மாத்திரம் பாறைக்கு வந்துவிடுமா?

கோர்ட்டு காட்டுத் தடையைத்தான் எடுக்க முடியும். வீட்டுத் தடையை எடுக்க வேண்டியவர்கள் நாம். மகனை மலையேற அனுப்புகிறவர்கள் மகளையும் அனுப்பட்டும். அந்த யோக்கியதை நமக்கு வராத வரையில், நாம் பேசும் சமத்துவம் வெறும் வாய்ப்பேச்சே.