கொம்பை எண்ணி வாங்கினால் போதுமா?

சென்னை ரிச்சி தெருவில் சாயங்கால நேரத்தில் ஒரு வேடிக்கை. "இதுக்கு எத்தனை கொம்பு?" "நாலு சார்!" "ஆறு கொம்பு இல்லையா?"

மாட்டு வியாபாரம் அல்ல. வீட்டு இன்டர்நெட்டை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள உதவும் "வை-பை ரூட்டர்" பெட்டிக்குத்தான் இந்தப் பேரம்!

மகனுக்கு ஆன்லைன் வகுப்பு. மகளுக்கு வேலைக்கான வீடியோ பேட்டி. பாதி பேட்டியில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. பொண்ணு கண்ணைக் கசக்குகிறாள். அப்பா கடைக்கு ஓடுகிறார். 4 ஆயிரம் ரூபாய் காலி! மாட்டிப் பார்த்தால் பழைய கதைதான்.

காரணம் என்ன?

முதல் குற்றவாளி, பெட்டி இருக்கிற இடம். கேபிள்காரர் வாசலோடு வயரை முடித்துவிட்டுப் போவார். செருப்பு ஸ்டாண்டு மேலேயே பெட்டி குடியிருக்கும். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு பீரோ. எத்தனை கொம்பு இருந்தால்தான் என்ன? ஒரு வயரை இழுத்து நடு ஹாலில், ஆள் உயரத்தில் வைத்துப் பார்க்கட்டும். பல வீடுகளில் புதுப் பெட்டியே தேவைப்படாது.

அடுத்தது நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்று. அடுக்குமாடியில் 20 வீட்டுப் பெட்டியும் அதில்தான் முட்டிக்கொள்கின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு கெட்டது! 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். அதனால் இரண்டும் உள்ள "டூயல் பேண்ட்" பெட்டியே மேல்.

இன்னொரு சூட்சுமம். அட்டையில் "1200" என்று பளபளக்கும். இரண்டு அலைவரிசையையும் கூட்டிப் போட்ட ஏட்டுக் கணக்கு அது. ஒரு போனுக்கு அவ்வளவும் வராது. அதே பெட்டியில் வயர் செருகும் துளை 100 மெகாபிட்டோடு நின்றுபோவதும் உண்டு. 200 மெகாபிட் திட்டத்துக்கு மாசாமாசம் பணம் கட்டுகிறவருக்குப் பாதி தண்டம்! "கிகாபிட் போர்ட் இருக்கா?" என்று கேட்டால் கடைப் பையன் முழிக்கிறான்.

பெரிய வீடா? ஒரே ராட்சசப் பெட்டியைவிட, வயரால் இணைத்த இரண்டு சின்னப் பெட்டிகள் நன்றாக உழைக்கும்.

கம்பெனிக்காரர்கள் துளையின் வேகத்தையும் அட்டையின் முகப்பில் கொட்டை எழுத்தில் போடட்டுமே! இப்போது அது பின்பக்க மூலையில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் கிடக்கிறது.